லூசியா தெருவில் கட்டிய படகு

புன்னைத்துறைக்கு வந்து லூசியா தெரு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கையை நீட்டி வழி காட்டமாட்டார்கள், தாடையைத் தூக்கி வானத்தைக் காட்டுவார்கள், ஏனென்றால் எங்கள் தெருவுக்கு அடையாளம் தரையில் இல்லை, கூரைகளுக்கு மேலே நீலமும் வெள்ளையும் அடித்த ஒரு மோட்டார் படகு கயிற்றில் கட்டியபடி காற்றில் நின்றுகொண்டிருக்கிறது, கடலில் நீர் ஏறினால் அதுவும் ஏறும், கடல் வற்றினால் அதுவும் இறங்கி எங்கள் ஜன்னல்களுக்கு நேராக வந்து நிற்கும். பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பீற்றிக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

படகு செலஸ்டினுடையது, அவர் மனைவி ஜெனோவாவுடையதும்தான். செலஸ்டின் மீசை முளைத்த நாளிலிருந்து கஸ்பார் மோத்தா முதலாளியின் படகில் சுக்கான் பிடித்தவர், கடலில் மீன் எங்கே நிற்கிறது என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார், ஆனால் கரையில் வாயைத் திறந்தால் அது கொட்டாவி விடத்தான். எங்கள் ஊர் ஏலத்தில் மீனைப் பிடித்து வந்தவன் பேரைச் சொல்லமாட்டார்கள், படகு யாருடையதோ அவர் பேரைத்தான் கூவுவார்கள், ஆகவே செலஸ்டின் பிடித்த மீன் அத்தனையும், நல்ல நாளும் கெட்ட நாளும், மழையும் வெயிலும், "கஸ்பார் மீனு! கஸ்பார் மீனு!" என்றுதான் விற்றுப் போனது. கருவாட்டுக் கூடையோடு அந்த ஏல மைதானத்தின் ஓரத்தில் நின்று அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன ஜெனோவாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்: "செலஸ்டின் மீனு" என்று யாராவது கூவி அவள் கேட்க வேண்டும். அதற்குப் படகு வேண்டும். காதில் கிடந்தது, கழுத்தில் கிடந்தது, சீட்டுப் பிடித்தது, வங்கியில் கெஞ்சியது எல்லாவற்றையும் கூட்டி, ராமேஸ்வரம் பக்கத்தில் ஒருவர் ஓட்டிச் சலித்த பைபர் படகை, இன்ஜினோடு சேர்த்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, வாசலில் நான்கு பனங்கட்டைகளின் மேல் இறக்கி வைத்தாள்.

படகு வாங்கியாயிற்று. கட்டுவதற்கு இடம் வேண்டாமா?

முன்பென்றால் மணலில் இழுத்துப் போடலாம். கடல் அரித்து, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி, இப்போது எங்கள் கரையில் ஒரு நண்டு உட்காரக்கூட மணல் கிடையாது, ஜெட்டியில் கட்டினால்தான் உண்டு. ஜெட்டி மூன்று. கீழ ஜெட்டி மீனவர் சங்கத்துடையது, காங்கிரீட் போட்டது, தண்ணீர்க் குழாயும் டியூப் லைட்டும் உள்ளது. அங்கே கணக்குப்பிள்ளை முன்பணமும் வாடகையும் சேர்த்துச் சொன்ன தொகையை ஜெனோவா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அண்ணே, நான் படகு கட்ட எடம் கேட்டேன். இன்னொரு படகு வெல கேக்கலியே."

நடு ஜெட்டி மோத்தாவுடையது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. மேல ஜெட்டி பழைய கல் ஜெட்டி, பாதி உடைந்தது, ஆனால் வாடகை நம்மைப் போன்றவர்கள் கையில் அடங்குவது. அங்கே காவலுக்கு இருந்தவர் இவளைக் கண்டதுமே தலையை ஆட்டினார்.

"எக்கா, வந்து நீங்களே பாருங்க. படகும் படகும் தோள் ஒரசிக்கிட்டு நிக்கி. யாராவது ஒருத்தன் படக வித்தாத்தான் எடம். எவன் விப்பான்?"

இடம் இல்லை என்றால் மீன்பிடி டோக்கன் இல்லை, டோக்கன் இல்லை என்றால் டீசல் இல்லை, டீசல் இல்லாத படகு தெருவில் கிடக்கிற பெரிய தொட்டி. எங்கள் தெருக்காரர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்கள், சலித்துக்கொண்டார்கள், கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. அப்போதுதான் மோத்தா ஆள் அனுப்பாமல் தானே கூப்பிட்டு, தன் வீட்டு வராந்தாவில் இருவரையும் நிறுத்தி வைத்து, அன்பாகப் பேசினார்.

"ஏல செலஸ்டினு, நீ எம் பிள்ள மாதிரி. என் ஜெட்டியில கட்டு. வாடக ஒத்தப் பைசா வேண்டாம். மீன மட்டும் என் பேர்ல ஏலத்துக்கு விடு. போதும்."

செலஸ்டின் தரையைப் பார்த்தார். அவருக்கு அது நியாயமாகக்கூடத் தோன்றியிருக்கும், பழக்கம் அப்படி. ஜெனோவாதான், "யோசிச்சுச் சொல்லுதோம் மொதலாளி" என்று கும்பிட்டுவிட்டு, நேரே மாதா கெபிக்குப் போய், மெழுகுவர்த்தி கொளுத்தி, முழங்காலில் நின்று, ஊர்ப் பேச்சில், மனசு உருகி, ஒரே ஒரு வரி கேட்டாள்:

"தாயே, எங்க படகுக்கு மேல ஒரு எடம் பாத்துக் குடும்மா."

மறுநாள் விடியற்காலை இட்லிக் கடை பிலோமி அக்கா வாசல் தெளிக்க வந்தவள், பனங்கட்டைகள் நான்கும் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்கிற குரலிலேயே சொன்னாள்.

"ஏ ஜெனோவா, ஒம் போட்டு ஏறிட்டு."

படகு மாடி உயரத்தில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது. அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது, நாக்கில் விட்டுப் பார்த்தவர்கள் உப்புத்தான் என்றார்கள். ஜெனோவா ஏணி போட்டு ஏறி, படகின் மூக்கில், முன்னணியத்தில் கயிற்றை முடிந்து, மறுமுனையைத் தன் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, இறங்கி வந்து சோறு வடித்தாள். மதியம் கடல் வற்றியபோது படகும் மெல்ல இறங்கி வந்தது. கடலில் ஒரு சாண் வற்றினால் எங்கள் தெருவில் ஓர் ஆள் உயரம் இறங்கும் என்ற கணக்கு அன்றைக்கே எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

பங்குச் சாமியார் சென்னைப் பக்கத்துக்காரர், வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, மாதாகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"மேல ஒரு எடம் வேணும்னு கேட்டேன் சாமி."

"மேலன்னா?"

"மேலன்னா மேலதான்" என்று அவள் மேற்கே, கல் ஜெட்டி இருக்கிற திசையைக் காட்டினாள்.

சாமியார் தன் விரலை நேரே வானத்துக்குத் தூக்கிக் காட்டினார். எங்கள் ஊரில் கிழக்கு என்றால் கீழ, மேற்கு என்றால் மேல, பிறந்ததிலிருந்து அப்படித்தான் பேசுகிறோம், அதில் இப்படி ஒரு வில்லங்கம் இருப்பது அந்த நிமிஷம் வரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஜெபங்களெல்லாம் தெளிவாகிவிட்டன. மேல வீட்டு மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று நேர்ந்திருந்த ஒரு குடும்பம் பதறிப் போய் அன்று சாயங்காலமே கெபிக்கு ஓடி, "மேக்க, தாயே, மேக்க, மூணாவது வீடு" என்று திருத்திக்கொண்டு வந்தது.

ஓர் அதிசயத்தோடு எத்தனை நாள் அதிசயப்பட்டுக்கொண்டிருக்க முடியும்? எங்களுக்கு வேலை இருக்கிறது. கரண்டு ஆபீஸ் ஆள் வந்து பார்த்து, படகு ஏறும்போது கம்பியில் உரசும் என்று திட்டிவிட்டு, கம்பியை ஓர் ஓரமாக இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். பஞ்சாயத்திலிருந்து வந்தவர் இதை மாடி என்று வைத்து வீட்டு வரி போடுவதா, வண்டி என்று வைப்பதா என்று குழம்பி, பிலோமி அக்கா கடையில் ஆறு இட்லி தின்றுவிட்டு, முடிவு தெரியாமலே ஏப்பம் விட்டுக்கொண்டு போனார். காற்று அடித்த நாளில் படகு பக்கவாட்டில் ஆடி ஒரு வீட்டுச் சுவரில் இடித்துச் சுண்ணாம்பு பெயர்ந்தது, மறுநாள் அந்த வீட்டுக்காரர் பழைய லாரி டயர் இரண்டைச் சுவரில் தொங்கவிட்டார், அவரைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் தொங்கவிட்டார், பிறகு தெரு நெடுகத் தொங்கின. ஜன்னல் கம்பி வளைகிறது என்று பிலோமி அக்கா, கிரைண்டர் வாங்கியபின் சும்மா கிடந்த தன் ஆட்டுரலைத் தெரு நடுவில் புதைத்துக் கொடுத்தாள், கயிறு அதில் நின்றது. இருட்டில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கயிற்றில் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று, கோயில் திருவிழாவுக்குப் போட்டு மிஞ்சிய சிவப்பு பல்பு ஒன்று தெரு முக்கில் எரியத் தொடங்கியது. வெயில் நேரத்தில் பூக்காரியும் கீரைக்காரியும் படகின் நிழலில் உட்கார்ந்தார்கள், நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள், வேறு தெருக்காரர்களும் எங்கள் தெருவுக்கு வந்து கீரை வாங்க ஆரம்பித்தார்கள். கல்யாண ஊர்வலங்கள் சுற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போயின. கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் தீர்மானம் போடாமலே, 'செலஸ்டின் படகு' எங்கள் வாயில் 'நம்ம படகு' ஆகிவிட்டது.

ஒருநாள் செலஸ்டின் வீடு வீடாக வந்தார். அந்த மனிதர் தானாக வந்து பேசியது எங்களுக்குப் படகு பறந்ததைவிடப் பெரிய அதிசயம்.

"வாடக சொல்லுங்க."

"என்ன வாடக? வானம் எங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பிலோமி அக்கா சிரித்தாள்.

"சும்மா கட்டுனா நான் ஒங்க ஆளா ஆயிருவேன். ஒருத்தர் ஆளா இருந்தது போதும். வாடக சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை அதற்குப் பிறகு. தெருக்கூட்டம் போட்டு, பேசி, சண்டை பிடித்து, கடைசியில் ஒரு வாடகை முடிவு செய்தோம்: மீன் கொண்டுவருகிற அன்றைக்கு வீட்டுக்கு ஒரு கறி மீன், ஒரு சட்டிக் குழம்புக்குக் காணுகிற அளவு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். செலஸ்டின் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று ஜெட்டியிலும் இல்லாத வாடகை அது, கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒரே குழம்பைத் தின்கிற வாடகை.

ஆனால் டோக்கன் வரவில்லை. மனு கொடுத்தாயிற்று, மீன்துறை அதிகாரி நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பதிலும் வந்தாயிற்று. மோத்தாவுக்கு அது தெரிந்தது. இந்தத் தெரு ஜெட்டி என்று ஆகிவிட்டால், தன் படகில் கூலிக்கு இருக்கிறவன் ஒவ்வொருவனும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவான் என்றும் தெரிந்தது. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் மோத்தா படகில் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சொல்லி அனுப்பினார்: எந்த வீட்டுச் சுவரில் டயர் தொங்குகிறதோ, அந்த வீட்டுக்காரன் திங்கட்கிழமை படகுக்கு வர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எங்கள் தெரு ஆண்கள் அவரவர் சுவருக்கு முன்னால் நின்றோம். உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாசம். ஒருவர் டயர்க் கயிற்றின் முடிச்சில் கையே வைத்துவிட்டார். செலஸ்டின் அதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார், பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு ஆட்டுரல் பக்கம் நடந்தார். படகுக் கயிற்றை அறுத்துவிடுகிறேன், அது போகிற இடத்துக்குப் போகட்டும், உங்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஜெனோவா அவர் கையைப் பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிலோமி அக்கா வந்து ஆட்டுரலின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பெரிய உடம்பு, கயிறு அடியில் போய்விட்டது.

"இது என் ஒரலு. எங்க மாமியா சீதனம். இதுல கத்திய வச்சா கை இருக்காது, ஆமா. டயரு எங்க சொவருக்கு. சொவரு பெயராம இருக்கத் தொங்குது. எங்க சொவத்துல எது தொங்கணும்னு சொல்ல மோத்தா யாரு? நாள அவரு வந்து என் கொடியில எந்தச் சேலயக் காயப்போடணும்னு சொல்லுவாரா?"

முடிச்சில் கை வைத்திருந்தவர் அந்த முடிச்சை இன்னும் இறுக்கினார். திங்கட்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை, மோத்தாவின் படகுகள் ஆளில்லாமல் கட்டியபடி நின்றன, அடுத்த நாளும் நின்றன, அதற்கடுத்த நாள் அவருடைய மேனேஜர் வந்து, "மொதலாளி அப்பிடிச் சொல்லல, தப்பா வெளங்கிட்டிய" என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாக டீ குடித்தார். எங்கள் தெருவைப் பற்றி நான் பீற்றிக்கொள்வது படகு பறந்ததற்காக அல்ல, இந்த மூன்று நாளுக்காகத்தான்.

அதிகாரி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், இளவயது, கையில் படிவம். அண்ணாந்து பார்த்தார், குனிந்து படிவத்தைப் பார்த்தார்.

"படகு கட்டக் கல் இருக்கணும்."

ஆட்டுரலைக் காட்டினோம்.

"இடிக்காம இருக்கத் தடுப்பு வேணும்."

டயர்களைக் காட்டினோம். விளக்கு கேட்டார், சிவப்பு பல்பைக் காட்டினோம். ஏறி இறங்க ஏணி கேட்டார், கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கிற ஏணி சாத்தியே இருந்தது. மற்றவர்கள் போக வழி கேட்டார், அப்போதே ஒரு தண்ணீர் லாரி படகுக்கு அடியில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது, சுவரைக் காப்பாற்றவும் வண்டியைக் காப்பாற்றவும் என்று ஒவ்வொன்றாகச் செய்தவர்கள், தெரியாமலே ஒரு முழு ஜெட்டியைக் கட்டி முடித்திருக்கிறோம்.

"எல்லாம் சரிங்க. தண்ணி ஆழம்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே. இங்க ஆழம் எவ்வளவுன்னு போடறது?"

எல்லோரும் அண்ணாந்து படகின் அடியைப் பார்த்தோம். செலஸ்டின்தான் தொண்டையைச் செருமினார்.

"ஆழம் போடாதிய சார். ஒயரம் போடுங்க."

அதிகாரி அதை யோசித்தார். எங்கள் காலத்து மனிதர்களில் நல்லவர் என்று நான் சொல்வேன், ஏனென்றால் யோசித்துவிட்டு, ஆழம் என்று அச்சடித்திருந்ததை அடித்து, உயரம் என்று எழுதி, ஏற்றத்துக்கு மாடி, வற்றத்துக்கு ஜன்னல் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டோக்கன் வந்துவிட்டது.

முதல் பயணத்தன்று விடியும்போது கடல் நிறைந்திருந்தது. செலஸ்டின் ஏணியில் ஏறிப் படகில் நிற்க, கயிற்றை அவிழ்த்து, அதைப் பிடித்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் கிழடும் குஞ்சும் தெரு முழுக்க நடந்தோம், படகு எங்கள் தலைக்கு மேலே அசைந்து அசைந்து வந்தது, அதன் அடியிலிருந்து சொட்டிய உப்புத் தண்ணீர் எங்கள் மேல் விழுந்தது, ஒருவரும் துடைத்துக்கொள்ளவில்லை. முக்கு திரும்பி, கோயிலைத் தாண்டி, நடு ஜெட்டியின் மேலாக, மோத்தாவின் படகுகளுடைய கொடிக்கம்புகளுக்கும் மேலாக அது போனது. அரிப்புக்குக் கொட்டிய கல் சுவருக்கு அப்பால் தண்ணீரில் அலுங்காமல் இறங்கியது. செலஸ்டின் இன்ஜினைத் தட்டினார். நெஞ்சு நிறைந்து போய் நாங்கள் கூச்சல் போட்டதில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை.

சாயங்காலத்துக்கு முன்பே திரும்பி வந்தார். வீட்டுக்கு ஒரு கறி மீன் எடுத்து வைத்தது போக, விளமீனும் பாரையும் சீலாவுமாக மைதானத்தில் கொட்டினார். ஏலக்காரர் இன்னாசி ஐஸ் பெட்டியின் மேல் ஏறி, பழக்க தோஷத்தில், "கஸ்" என்று தொடங்கிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, செலஸ்டினை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூவினார்.

"செலஸ்டின் மீனு! செலஸ்டின் மீனு! துள்ளுது பாருங்க, கேளுங்க!"

வியாபாரிகள் விலை கேட்டார்கள், ஏற்றிக் கேட்டார்கள், இன்னும் ஏற்றிக் கேட்டார்கள், ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் ஏலத்தை முடித்துக்கொண்டு மீனை அள்ளிப் பெட்டியில் போட்டு வண்டியும் ஏற்றிவிட்டார். செலஸ்டின் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனோவா மைதானத்தின் ஓரத்தில் அசையாமல் நின்றாள், கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எக்கா, ரூவாய வாங்கிக்கிடுங்க" என்றார் இன்னாசி.

"என்ன வெலைக்குப் போச்சு?"

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கருவாட்டு விலை சொல்கிறவள், தன் மீன் என்ன விலைக்குப் போனது என்று காதில் வாங்கவே இல்லை.

அவள் பணத்துக்குக் கை நீட்டவில்லை. "அண்ணே, இன்னொரு மட்டம் கூவுங்க" என்றாள்.

"மீனு வித்துட்டேக்கா. இனிம எத வச்சிக் கூவ?"

"மீனு கெடக்கட்டும். பேர மட்டும் கூவுங்க."

இன்னாசி ஈரத் தரையைப் பார்த்தார், செதில் மட்டும் ஒட்டிக் கிடந்தது. மறுபடியும் ஐஸ் பெட்டியின் மேல் ஏறினார், கையை வாயருகே குவித்தார், விற்பதற்கு ஒன்றுமே இல்லாமல், அன்று வரை எந்த மீனுக்கும் கூவாத சத்தத்தில் கூவினார்.